ஊசி கேட்ட மலைக்குச் சென்று வந்தது

வியாழக்கிழமை, காலை ஆறு மணி.

பவானி கூடுதுறைக்குப் பின்புறத்துத் தெருவில் முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் புத்தகம் கட்டும் தொழில் செய்துவரும் நான், மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் கடையைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குப் புறப்பட்டேன். பவானியிலிருந்து ஈரோடு ஒன்பது மைல். பேருந்துக் கட்டணம் முப்பது நயா பைசா. கையில் ஒரு துணிப்பை. அதில் ஒரு மாற்று வேட்டி, ஒரு செம்பு, நானே தைத்துக் கட்டிய குறிப்பேடு ஒன்று. இப்பயணத்துக்குக் காரணம் அந்தக் குறிப்பேடுதான் என்பதால் அதைப்பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரையில்தான். எஞ்சியதை, கட்டுவதற்கு வந்த புத்தகங்களே கற்பித்தன. தைப்பதற்கு முன் ஒரு புத்தகத்தை முழுவதும் படித்துவிடுவது என் வழக்கம். பக்கங்கள் வரிசை பிறழாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வேன். கோயில்காரர்கள் புராணங்களைக் கொண்டுவந்தார்கள். மாதா கோயில் உபதேசியார் அவர்களுடைய வேதத்தைக் கொண்டுவந்தார். பள்ளிவாசல் தெருக்காரர் நபிமார்களின் சரித்திரத்தைக் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் ஓரிடம் என்னைப் பிடித்து நிறுத்தும். இறைவன் மனிதன் முன் வந்து நின்ற இடம். அந்த இடங்களை எல்லாம் எண்ணிட்டு எழுதி வந்தேன். நான் புறப்பட்ட அன்று நூற்றுப் பதினெட்டு ஆகியிருந்தது.

திருப்பூர் ராயபுரத்தில் பனியன் கம்பெனி நடத்தும் என் தங்கை மகன் மாணிக்கம் எழுதிய கடிதம் முந்தின வாரம் வந்திருந்தது. தன்னிடம் வேலை பார்க்கும் பிட்டர் ஒருவரின் கனவில் சிவன்மலை முருகன் மூன்று முறை வந்து ஒரு பொருள் கேட்டிருப்பதாகவும், அந்த மனிதர் மலைக்கு வர மறுப்பதாகவும், இத்தகைய சங்கதிகளைத் தொகுத்து வைத்திருக்கும் நான் நேரில் வந்து அவருக்கு எடுத்துச்சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தான். பிட்டர் என்பது இயந்திரங்களைப் பூட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த தொழிலாளி.

வெளியூர் வாசகர்களுக்காகச் சிவன்மலை வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அம்மலை முருகன் யாரேனும் ஒருவர் கனவில் தோன்றி, இன்ன பொருளைக் கொண்டுவந்து வை என்று உத்தரவிடுவார். கனவு கண்டவர் தாமே மலையேறி, தம் வாயால் அதைச் சன்னிதியில் சொல்ல வேண்டும். வேறொருவர் அவருக்காகச் சொல்ல இயலாது. பின்பு பூக்கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் அப்பொருள் சன்னிதிக்கு எதிரே உள்ள கண்ணாடிப் பெட்டியில் ஏறும். அடுத்த உத்தரவு வரும்வரை அங்கேயே இருக்கும். பெட்டியில் எது ஏறுகிறதோ அதைச் சார்ந்த தொழிலில் ஒரு மாறுதல் வரும் என்பது கொங்கு நாட்டார் நம்பிக்கை.

காலை எட்டரை மணி.

ஈரோட்டிலிருந்து திருப்பூர் முப்பத்தொரு மைல். மூன்றாம் வகுப்புச் சீட்டு ஒரு ரூபாய் ஐந்து நயா பைசா. சன்னலோரம் கிடைத்தது; கரித்தூளும் கிடைத்தது. எதிரில் உருமால் கட்டிய குடியானவர் ஒருவர் என் மடியிலிருந்த குறிப்பேட்டைக் கண்டு, என்ன கணக்கு என்று விசாரித்தார். இறைவன் மனிதருக்குக் காட்சி தந்த இடங்களை எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். எத்தனை என்று கேட்டார். சொன்னேன்.

“நூத்திப் பதினெட்டுல எங்க விசயமங்கலத்துப் பக்கம் ஒண்ணாச்சும் இருக்குதுங்களா?”

இல்லை என்றேன்.

“அதானுங்க பாத்தேன். எங்கூட்டுக் கெணத்துல தண்ணி இல்லைங்கறது அவருக்கும் தெரிஞ்சு போச்சாட்டம் இருக்குது” என்று சொல்லிவிட்டு, தம் ஊர் வந்ததும் இறங்கிக்கொண்டார்.

ஊத்துக்குளி நிலையத்தில் வண்டி நின்றபோது வெண்ணெய்க் கூடைகள் சன்னல் சன்னலாக வந்தன. உபதேசியாரின் வேதத்தில் ஒரு கிழவர் உச்சிவெயிலில் கூடார வாசலில் உட்கார்ந்திருக்கிறார். முன்பின் தெரியாத மூவர் வந்து நிற்கிறார்கள். அவர் ஓடிப்போய் வெண்ணெயும் பாலும் கொண்டுவந்து வைக்கிறார். வந்தவர் யார் என்பது உண்ட பிறகே அவருக்குத் தெரிகிறது. நம் மதுரைக் கதையிலோ சிவபெருமான் கூலியாளாக வந்து பிட்டு வாங்கி உண்டு, மண் சுமந்து, பிரம்படியும் படுகிறார். எழுதி எழுதி நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. வருகிறவர் பெரும்பாலும் எதையாவது கேட்டுக்கொண்டே வருகிறார். கேட்பது இன்னது என்று திட்டமாகக் கேட்கிறார். தங்கை வீட்டுக்கென்று ஒரு ரூபாய்க்கு வெண்ணெய் வாங்கிக்கொண்டேன்.

காலை பதினொரு மணி.

திருப்பூர். நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததும் சலவைக்காரத்தின் வாடை மூக்கில் ஏறும். நொய்யலில் நீர் கணுக்கால் அளவே ஓடியது. பாறைகள்மீது வெளுத்த துணி கண் கூசும்படி விரிந்து கிடந்தது. ராயபுரத்துக்கு நடந்தே சென்றேன், ஒரு மைலுக்குள்தான்.

மாணிக்கத்தின் கம்பெனி ஓட்டுக் கூரைக்குக் கீழே நான்கு பின்னல் இயந்திரங்கள் கொண்டது. ஒவ்வொன்றும் பெரிய அண்டாவைப்போல் வட்டமாக இருக்கும். வட்டத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஊசிகள். அவற்றின் நுனியில் நூலைப் பற்றும் சிறு கொக்கி. மேலே நூல் உருளைகள் சுழல, கீழே துணி நீண்ட குழாயாக இறங்குகிறது. அத்தனை ஊசிகளில் ஒன்றின் கொக்கி வளைந்துவிட்டாலும் துணியின் நெடுக ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். அந்தக் கோட்டைச் சாயமும் மறைக்காது, சலவையும் மறைக்காது என்று மாணிக்கம் விளக்கினான்.

நாலாம் எண் இயந்திரத்தின் அடியிலிருந்து எழுந்து வந்து கைகளைத் துடைத்துக்கொண்டு எனக்கு வணக்கம் சொன்னவரே அந்தப் பிட்டர். நாற்பத்தைந்து வயது இருக்கும். அணிந்திருந்தது கறுப்புச் சட்டை. பெற்றோர் இட்ட பெயர் பழனிச்சாமி. இருபத்தைந்தாம் வயதில் பகுத்தறிவு இயக்கத்தில் சேர்ந்தபோது பெயரின் பின்பாதியை விட்டுவிட்டார். கம்பெனிப் பதிவிலும் பழனி என்றே இருக்கிறது. அந்தப் பகுதியில் இயக்கத்தின் படிப்பகத்துக்குப் பதினோரு ஆண்டுகளாகச் செயலாளர். மனைவி கோயிலுக்குப் போகும்போது உடன் செல்வார். வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொள்வார். அதற்குமேல் ஓரடி வைத்ததில்லை. கடிதத்தில் மாணிக்கம் எழுதாமல் விட்டது இதைத்தான்.

மாலை நான்கு மணி.

வேலை முறை மாறியதும் கம்பெனியின் பின்கட்டில், நூல் பெட்டிகளின்மேல் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். இரண்டு மாதமாகப் பொறுமையிழந்து, ஒரு முறை தானே மலைக்குப் போய்ப் பிட்டருக்காகச் சொல்ல முயன்று, கண்டவர்தான் வரவேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டதை மாணிக்கம் ஒப்புக்கொண்டான். பின்பு பழனி கனவைச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“நல்ல மத்தியானமுங்க ஐயா. நாலாம் நம்பர் மிசின்ல துணியில கோடு விழுந்துட்டே இருக்குது. நான் குனிஞ்சு பாத்துட்டிருக்கறேன். பக்கத்துல ஒருத்தரு வந்து நின்னாரு. வேட்டி, தோள்ல துண்டு, மேலுக்கு ஒரு பனியன் கூட இல்லீங்க. வேலை கேட்டு வந்தவரு போலன்னு நெனச்சு, இப்ப ஆளு எடுக்கறதில்லீங்கன்னு சொல்லிப்போட்டேன்.”

மாணிக்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

“அவரு சிரிச்சாருங்க. வேலைக்கு வரலை, அந்தக் கோடு போடற ஊசியைக் கழட்டி எங்கிட்டக் கொண்டான்னாரு. எங்க இருக்கறீங்கன்னேன். மலையிலன்னாரு. எந்த மலைன்னு கேக்கறதுக்குள்ள எனக்கே தெரிஞ்சு போச்சுங்க.”

அதே கனவு மூன்று முறை. மூன்றாம் முறைக்கு நான்கு நாள் கழித்து, நாலாம் எண் இயந்திரத்தில் உண்மையாகவே கோடு விழுந்தது. வளைந்த ஊசியைக் கழற்றிய பழனிக்கு, வழக்கம்போல அதைக் கழிவு டப்பாவில் எறியக் கை வரவில்லை. தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இறைவனை மறுத்தவர்களுக்கும் அவன் தோன்றியதுண்டு என்பதை எடுத்துக்காட்டுவது என் கடமையென எண்ணினேன். அடியார்களைச் சிறைப்பிடிக்க ஊர்வழியே போன ஒருவனைப் பேரொளி தரையில் தள்ளிய கதையைச் சொன்னேன். எழுந்தபோது அவனே அடியானாகிவிட்டான் என்று முடித்து, நீரும் இப்போது நம்புகிறீரா என்று கேட்டேன்.

“இல்லீங்க ஐயா. சாமி இருக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஆனா வந்தாரு. இருவது வருசமா மேடையில நின்னு, கண்டதைச் சொல்லோணும், காணாததைச் சொல்லப்படாதுன்னு பேசியிருக்கறேன். இப்ப வந்தவரை வரலைன்னு சொன்னா, நான் பேசுனதுக்கெல்லாம் என்னங்க மருவாதி?”

நான் வாதாடி அழைத்துப்போக வேண்டிய மனிதர் இவரல்லர் என்பது விளங்கிற்று. இரண்டு மாதமாக அவரைத் தடுத்தது வெட்கமன்று. நாளைக் காலை மலையேறுவதென்றும், அதற்கு முன் படிப்பகத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதென்றும் அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். சாவியைக் கொடுக்கத்தான் மனம் வராமல் நாள் கடந்திருந்தது. தாம் ஓடு வேய்ந்த கட்டிடம், தாம் வாங்கிச் சேர்த்த நூல்கள்.

புறப்படுமுன் பழனி அந்த ஊசியைத் தாளோடு எடுத்து மாணிக்கத்திடம் கொடுத்தார். இயந்திரத்துக்கு உடையவன் அவன். கொண்டுவருவதும் அவன் கையால் இருக்கட்டும் என்றார்.

மாலை ஆறு மணி.

நானும் படிப்பகம்வரை நடந்தேன். ஒரே அறை, இரண்டு பெஞ்சுகள், சுவரில் தலைவர்களின் படங்கள். அங்கே தினத்தாள் படித்துக்கொண்டிருந்தவர் சின்னையன். வேறொரு கம்பெனியில் துணி வெட்டுபவர், பழனியின் இருபதாண்டுத் தோழர். செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது.

“வாங்க தோழர். காவடி எந்தப் பக்கத் தோளுக்குன்னு முடிவாயிருச்சா?”

பழனி சிரித்துவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்தார். சின்னையன் சிரிக்கவில்லை. ஒரு கனவுக்காகவா என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். பழனி பெஞ்சுமேல் கலைந்து கிடந்த தாள்களை அடுக்கி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி.

இந்த இடத்தை எழுதும்போது என் பேனா தயங்குகிறது. நீராடித் திருநீறணிந்து நான் வந்தபோது மாணிக்கம் என்னைத் தனியே அழைத்தான். முன்தினம் வாங்கிய தாளை விரித்துக் காட்டினான். கொக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து, எண்ணெய்க் கறுப்பேறிய ஊசி.

“மாமா, பின்னமானதைச் சாமிக்கு வெக்கலாமுங்களா?”

வெடித்த சிலையைப் பூசிப்பதில்லை, கிழிந்த வேட்டியைச் சாத்துவதில்லை, அழுகிய பழத்தைப் படைப்பதில்லை. நான் படித்தது அதுவே. பிறந்தது முதல் பார்த்ததும் அதுவே. “ஆகாது” என்றேன். ஒரு சொல்தான். அவன் தலையசைத்துவிட்டு உள்ளே போனான். திரும்பி வந்தபோது மஞ்சள் துணியில் சிறு முடிச்சு ஒன்று அவன் கையில் இருந்தது. அதற்குள் எந்த ஊசி என்று நான் கேட்கவில்லை.

காலை ஏழேகால் மணி.

திருப்பூரிலிருந்து காங்கேயம் சாலையில் சிவன்மலை பதினான்கு மைல். ஆளுக்கு நாற்பத்தைந்து நயா பைசா. பேருந்தில் பழனியின் கறுப்புச் சட்டையைப் பார்த்து ஒரு பெரியவர், மலைக்கா என்று ஐயத்தோடு கேட்டார். ஆமாங்க என்றார் பழனி. வேறு சட்டை அணிந்து வந்திருக்கலாமே என்று நானும் முன்னரே சொல்லியிருந்தேன். அதற்கு அவர், கனவில் வந்தவர் இந்த ஆளிடம்தான் கேட்டார், சட்டையை மாற்றிக்கொண்டு போனால் வேறு ஆள் போனதுபோல் ஆகிவிடும் என்றார். சாலையின் இருபுறமும் முள்வேலியிட்ட மேய்ச்சல் காடுகள். வெள்வேல மரங்களின் நிழலில் காங்கேயம் மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

எட்டரை மணிக்கு மலையடியில் இறங்கினோம். படிகள் ஐந்நூற்றுக்குச் சற்றுக் குறைவு. பழனி முதற்படியின் அருகே நின்றார். பழக்கம் விடவில்லை போலும். எங்கள் இருவரின் செருப்புகளையும் வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு தம்முடையதையும் கழற்றி அவற்றோடு சேர்த்து வைத்துவிட்டு, எங்களுக்கு முன்னால் ஏறத் தொடங்கினார். எரிந்தும் கருகாத முட்செடியின் முன் மிதியடியைக் கழற்றச் சொன்ன குரலைப்பற்றி நான் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே எவரும் சொல்லவில்லை.

பாதி மலையில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது ஒன்றை ஒப்புக்கொண்டேன். நூற்றுப் பதினெட்டு காட்சிகளை எழுதிய எனக்கு இதுவரை ஒரு கனவும் வந்ததில்லை. உம்மீது எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்றேன். பழனி யோசித்தார்.

“உங்களுக்கு அட்ரசு தெரியும்னு விட்டுட்டாருங்களோ என்னமோ” என்றார்.

காலை ஒன்பதரை மணி.

சன்னிதியில் கூட்டம் மிகுதியில்லை. எதிரே மரச்சட்டமிட்ட கண்ணாடிப் பெட்டி. அப்போது அதனுள் ஒரு பிடி கம்பு இருந்தது. அர்ச்சகர் கறுப்புச் சட்டையைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. யார் கனவு என்று மட்டும் கேட்டார். பழனி முன்னால் வந்தார். உரக்கச் சொல்லுங்கள் என்றார் அர்ச்சகர்.

மேடைப் பேச்சுக்குப் பழகிய குரல். மண்டபம் முழுவதும் கேட்டது. வேலை இல்லை என்று தாம் சொன்னதையும் விடாமல் சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவன் திருப்பூர்க்காரன். இவரை மேடையில் பார்த்தவன் என்பது அவன் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்ததில் தெரிந்தது. பழனி நிறுத்தவில்லை. “கொக்கி வளைஞ்ச ஊசி. அதைக் கொண்டான்னாருங்க” என்று முடித்தார். என் அருகில் நின்ற மாணிக்கத்தின் கழுத்தில் வியர்வை வழிந்தது. மஞ்சள் முடிச்சு தட்டில் இருந்தது.

வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியே இலையில் ஒரே அளவாக மடித்து முருகன் திருவடியில் வைக்கப்பட்டன. தாயோடு வந்திருந்த ஒரு சிறு பெண் குழந்தையை அழைத்து ஒன்றை எடுக்கச் சொன்னார் அர்ச்சகர். அவள் எடுத்ததைப் பிரித்தார்.

சிவப்பு அரளி.

உத்தரவு இல்லை என்று சொல்லி, தட்டைப் பழனியிடம் நீட்டினார்.

வெளிப் பிராகாரத்தில், வெயில் படாத ஒரு தூணருகே பழனி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே புத்தம்புது ஊசி, வெள்ளிபோல் பளபளத்தது. அப்போதெல்லாம் வெளிநாட்டு ஊசிகள் கிடைப்பது அரிது. மாணிக்கம் தன்னிடமிருந்ததில் ஆகச் சிறந்ததை எடுத்து வைத்திருந்தான். அவன் மடியிலிருந்து பழைய தாள் பொட்டலத்தை எடுத்தான். வளைந்ததை வீட்டில் விட்டு வரவும் அவனுக்கு மனம் வந்திருக்கவில்லை.

ஆகாது என்று சொன்னவன் நான் என்று பழனியிடம் சொன்னேன். கனவில் கேட்ட சொல்லுக்காக இருபதாண்டு மரியாதையைத் துறந்து வந்த மனிதர் அவர். கோபம் கொள்ள முழு உரிமை அவருக்கு இருந்தது. அவர் இரண்டு ஊசிகளையும் உள்ளங்கையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்.

“நல்ல ஊசி அவருக்கு என்னத்துக்குங்க? அவரு என்ன மிசினா ஓட்டப் போறாரு?”

மாணிக்கம் சன்னிதிக்குத் திரும்பி ஓடினான். சிறிது நேரத்தில் வந்தான். ஒரு கனவுக்கு ஒரு முறைதான் பூக்கேட்பது, முருகன் மறுபடி வந்து கேட்டால் மறுபடி வாருங்கள் என்று அர்ச்சகர் சொல்லிவிட்டாராம். பழனி புது ஊசியை மாணிக்கத்திடம் கொடுத்துவிட்டார். வளைந்த ஊசியைப் பழையபடி தாளில் மடித்துக்கொண்டார்.

வெண்ணெயும் பாலும் கொண்டுபோன கிழவரையும், உதிர்ந்த பிட்டைக் கொடுத்த கிழவியையும் நினைத்துக்கொண்டே இறங்கினேன். அவர்கள் இருந்ததைக் கொடுத்தார்கள். கேட்பது இன்னது என்று திட்டமாகக் கேட்பார் என எழுதி வைத்தவன் நான். அதே குறிப்பேடு என் பையில் இருக்கும்போதே, கேட்டதைக் கொடுக்கலாகாது என்று தீர்ப்புச் சொன்னவனும் நானே.

பிற்பகல் நான்கு மணி.

ராயபுரத்துத் தேநீர்க் கடை. டீ ஒன்று பத்து நயா பைசா. செய்தி எங்களுக்கு முன் ஊர் வந்து சேர்ந்திருந்தது. சின்னையன் வந்து எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

“சாமி வேண்டாம்னுடுச்சாமா?”

“ஆமாங்க.”

“எங்களுக்கும் வேண்டாம், சாமிக்கும் வேண்டாம்னா, உன்னை எங்கதான் கொண்டுபோய் வெக்கறது பழனி?”

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். பழனியும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சின்னையன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பெஞ்சுமேல் வைத்தார். அதில் ஏளனம் இல்லை. இரவெல்லாம் அதைப்பற்றி யோசித்திருப்பார் என்று முகம் சொல்லியது.

“பூவே இல்லைன்னு சொல்லிப்போட்டுது. வெறும் கனவுதான்னு ஒரு வார்த்தை சொல்லு. மறுபேச்சு இல்லை, எடுத்துக்க.”

கடைக்காரர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ஒரு வார்த்தை போதும். பூவின் மேல் பழியைப் போடலாம். என் மேலும் போடலாம். அதில் பொய்யும் அதிகமில்லை. பழனி சாவியைக் கையில் எடுத்தார். அதன் பல்லில் ஒட்டியிருந்த அழுக்கைக் கட்டைவிரலால் துடைத்தார். பிறகு சின்னையனின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களைத் தாமே மடக்கினார்.

“பூ சொன்னது பூவோடங்க. எனக்கு வந்தது வந்ததுதான்.”

சின்னையன் சாவியோடு எழுந்து, எங்கள் மூன்று டீக்கும் தாமே கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை, காலை எட்டு மணி.

தங்கையிடம் சொல்லிக்கொண்டு நிலையத்துக்கு வந்தேன். மாணிக்கம் பெட்டியைத் தூக்கி வருகிறேன் என்றான். என்னிடம் பெட்டியே இல்லை. அவன் வருத்தத்தில் எதையாவது தூக்க விரும்பினான். வெண்ணெய்ச் சட்டியில் முறுக்குப் போட்டுக் கொடுத்தாள் தங்கை. அதை அவன் சுமந்து வந்தான்.

வண்டி வரும் நேரத்தில் பழனி மிதிவண்டியில் வந்து சேர்ந்தார். அடுத்த வேலை முறைக்கு இன்னும் அரை மணி இருக்கிறதாம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கேட்கவிடவில்லை. நாலாம் எண் இயந்திரம் இப்போது கோடில்லாமல் ஓடுகிறது என்றார். நான் அவருடைய சட்டைப் பையைப் பார்ப்பதைக் கண்டு, பொத்தானை அவிழ்த்துத் தாள் பொட்டலத்தைக் காட்டினார். இதை இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“இருக்கட்டுமுங்க ஐயா. மறுக்கா வந்து கேட்டா, கையில இல்லைன்னு சொல்ல முடியுங்களா?”

வண்டி வந்துவிட்டது. அவர் பொத்தானை மாட்டிக்கொண்டு மிதிவண்டியில் ஏறினார்.

சனிக்கிழமை, மாலை.

பவானி வந்து சேர்ந்தேன். திருப்பூரில் ஆற்றங்கரையில் வெள்ளைத் துணி. எங்களூர்க் கூடுதுறைப் படிகளில் பல நிறச் சமுக்காளம். அங்கே இயந்திரத்தின் இரைச்சல். இங்கே கைத்தறியின் தட்டல். மற்றபடி வெயில் ஒன்றே, மனிதரும் ஒரே மாதிரியே. ஆயினும் கடைக் கதவைத் திறந்து உள்ளே போனபோது, முப்பத்திரண்டு ஆண்டுகளாக நான் உட்கார்ந்த இடம் எனக்கே சற்று அயலாகத் தெரிந்தது. அங்கே அடுக்கியிருந்த புத்தகங்களில் எத்தனையோ பேர் இறைவனைக் கண்டிருக்கிறார்கள். அவை யாவும் வெள்ளைப் பூ வந்தவர்களின் கதைகள். சிவப்புப் பூ வந்து, வாய்மூடி மலையிறங்கி, மறுநாள் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேரோ. அவர்களை எவரும் எழுதவில்லை. கட்டுவதற்கு என்னிடம் எவரும் கொண்டுவரவில்லை.

விளக்கேற்றியதும் குறிப்பேட்டை எடுத்து, நூற்றுப் பத்தொன்பது என்று எண்ணிட்டு, பழனி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன். ஆகாது என்று நான் சொன்னதையும் எழுதினேன். பிறகு தையலைப் பிரித்து, அந்தப் பக்கத்துக்கு அடுத்தாற்போல் எழுதாத வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து, மறுபடி தைத்தேன்.